ஒரு பெயருக்குப் போதுமான மூச்சு

ஈசா டவுனில் நாங்கள் இருந்த வில்லாவை உரிமையாளர் பலகைச் சுவர் வைத்து இரண்டு வீடாக்கியிருந்தார். ஒரு பக்கம் நானும் கணவரும். மறுபக்கம் திருநெல்வேலிக் கடற்கரையில் ஒரு கத்தோலிக்க ஊரிலிருந்து வந்த நர்ஸும் அவள் கணவரும். அவர் சவுதிப் பக்கம் கடலில் எண்ணெய் ரிக்கில் வெல்டர். ஒரு மாதம் கடலில், ஒரு மாதம் வீட்டில். அவள் கர்ப்பமானதும், நின்று செய்யும் வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நீண்ட லீவில் இருந்தாள். பலகைச் சுவர் எதையும் மறைக்காது. அவள் வீட்டுக் குக்கர் விசில் எனக்குக் கேட்கும். நான் நடத்தும் பாடம் அவளுக்குக் கேட்கும்.

மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு பஹ்ரைனுக்கு வந்தவள் நான். இங்கே பத்திரிகை வேலை கிடைக்கவில்லை. பக்கத்து இந்தியப் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு வரலாறு டியூஷன் எடுத்தேன். அந்த ஆண்டு பதினோராம் வகுப்பு. பாடம் இடைக்கால ஐரோப்பா. ஜெபிப்பவர்கள், போரிடுபவர்கள், உழைப்பவர்கள் என்று சமூகம் மூன்றாகப் பிரிந்திருந்தது. உழைப்பவன் பிரபுவின் அனுமதி இல்லாமல் நிலத்தைவிட்டுப் போக முடியாது. மகளை வெளியூரில் கட்டிக்கொடுக்கவும் முடியாது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கோயிலுக்குப் போய்விடும். நான் தமிழும் ஆங்கிலமும் கலந்து சொல்வேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார்கள்.

"அவங்க பாஸ்போர்ட் லார்டுகிட்ட இருக்குமா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். விசாவுக்குப் பொறுப்பான கஃபீலின் கையெழுத்து இல்லாமல் அவர்கள் அப்பாக்கள் யாரும் ஊருக்குப் போனதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "எக்கா, நீங்க ஐரோப்பாவப் பத்திச் சொல்லுதியளா, எங்க ஊரப் பத்திச் சொல்லுதியளா?"

அதன் பிறகு அவள் பாடத்துக்கே வந்துவிட்டாள். நாற்காலியைச் சுவரோரம் போட்டுக் காலை ஒரு ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு உட்காருவாள். பிள்ளைகள் அவளை ஆன்ட்டி என்பார்கள். ராஜாவைவிடப் போப்பாண்டவருக்கு அதிகாரம் எப்படி வந்தது என்று நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் குறுக்கிட்டாள்.

"எங்க ஊருல போலீஸ் ஸ்டேஷன் கிடையாது. இருந்தது, ஒருத்தரும் போகல, எடுத்துட்டுப் போயிட்டாவ. ரெண்டு பேரு அடிச்சிக்கிட்டா சாமியாரு வீட்டு முத்தத்துக்குத்தான் வரணும். அவரு சொன்னா சொன்னதுதான். வலையில விழுற மீனுல கோயில் பங்கு கழிச்ச பொறவுதான் கரையில ஏலமே தொடங்கும். என்ன, எங்க சாமியாருக்குக் குதிரை கிடையாது. புல்லட் வச்சிருக்காரு."

பிள்ளைகளுக்கு என்னைவிட அவளைப் பிடித்துப்போனது. சரியாகவே சொன்னாள். பாடத்தில் வரும் பல சொற்களுக்கு நான் பழைய தமிழில் தேடிக்கொண்டிருந்தபோது அவள் அன்றாடம் புழங்கும் சொல்லை எடுத்துக்கொடுத்தாள். கோயிலிலிருந்து ஒருவரை விலக்கிவைப்பதை எப்படி விளக்குவது என்று யோசித்தேன். "அவன் வீட்டுச் சாவுக்கு மணி அடிக்காது" என்று முடித்துவிட்டாள்.

அரசனோடு சண்டை வந்தால் போப்பாண்டவர் ஒரு நாடு முழுவதையும் தண்டிப்பதுண்டு. கோயில்கள் பூட்டப்படும். பூசை இல்லை, மணி இல்லை, மந்திரித்த மண்ணில் அடக்கம் இல்லை. ஆனால் அப்போதும் இரண்டு மட்டும் நிற்காது: பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றும் ஞானஸ்நானம், சாகிறவன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம். இதைச் சொன்ன அன்று பிள்ளைகள் போன பிறகும் அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

"குழந்தைக்கு ஊத்தாம விட்டா?" என்று கேட்டாள்.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்க மாட்டார்கள், மோட்சமும் இல்லை நரகமும் இல்லை, இரண்டுக்கும் வெளியே ஓர் இடத்தில் இருக்கும் என்று நம்பினார்கள் என்றேன். கடந்த காலத்தில்தான் சொன்னேன்.

"எனக்கு முதல்ல ஒண்ணு பிறந்தது அக்கா. ஊருல. பிறக்கும்போதே உயிரில்ல."

அவள் அதிகம் சொல்லவில்லை. சொன்னது இவ்வளவு. பெண் குழந்தை. கல்லறைத் தோட்டத்துக்கு மதில் உண்டு; குழந்தையை மதிலுக்கு வெளியே, கடற்பக்கம் புதைத்தார்கள். மணி அடிக்கவில்லை. சிலுவை நடவில்லை. நவம்பரில் இறந்தோர் திருநாள் அன்று குடும்பம் குடும்பமாகக் கல்லறைகளைக் கழுவி, வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கோயிலில் குடும்பத்தின் இறந்தவர்கள் பெயரை வரிசையாக வாசிப்பார்கள். மாமனார் பெயர், அவருடைய அண்ணன் பெயர், கடலில் போன மைத்துனர் பெயர். அந்தக் குழந்தைக்குப் பெயர் கிடையாது. அவள் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு மதிலுக்கு உள்ளேயே நின்றிருக்கிறாள்.

"இப்பச் சட்டம் அப்படியில்லைன்னு சொல்லுதாவ. சாமியாரே சொன்னாரு, கடவுள் அவ்வளவு கொடுமைக்காரர் இல்லம்மான்னு. ஆனா மதில் அங்கனதான இருக்கு?"

வயிற்றில் இருந்தது இரண்டாவது. ரத்தக் கசிவு இருந்தது. அவள் வேலை பார்த்ததே குறைமாதக் குழந்தைகள் வார்டில். என்ன நடக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். ஒருநாள் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "நான் மயக்கத்துல கிடந்தா நீங்கதான் ஊத்தணும். அவுக கடல்ல இருப்பாவ. வேற ஆளு இல்ல."

"நான் இந்து. உன் சாமியாரே கோபிப்பார்."

"யாரு வேணும்னாலும் ஊத்தலாம். கோயில் என்ன செய்யுதோ அதச் செய்யணும்னு மனசுல இருந்தா போதும். கன்னியாஸ்திரிகள் காலேஜில படிச்சேன், எங்களுக்குப் பாடமாவே சொல்லித்தந்தாவ."

அவள் சொன்னது சரிதான். இடைக்காலத்தில் மருத்துவச்சிகளுக்கு ஞானஸ்நானச் சொற்களைத் தாய்மொழியில் கற்றுத்தரவேண்டியது பங்குக் குருவின் கடமை. கிறிஸ்தவர் அல்லாதவர் ஊற்றினாலும் செல்லும் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார்கள். அவ்வளவு குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன.

அன்றே ஒத்திகை பார்த்தோம். குளிர்பெட்டியில் ஒரு முட்டைக்கோசு இருந்தது. அதைத் தட்டில் வைத்து, டம்ளரில் தண்ணீர் எடுத்து, மூன்று முறை ஊற்றச் சொன்னாள். ஊற்றும்போதே, குழந்தையின் பெயரைச் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். ஊற்றிவிட்டுச் சொல்லக் கூடாது. தண்ணீர் தோலில் ஓட வேண்டும், முடியில் நின்றால் போதாது. முதல் தடவை சொற்களை மாற்றிச் சொன்னேன். இரண்டாம் தடவை டம்ளர் கவிழ்ந்தது. மூன்றாவது சரியாக வந்தது.

"கோசு இனிமே வேதக்காரி. பொரியல் வச்சிராதிய" என்றாள். இருவரும் சிரித்தோம். இரவு அதைத்தான் பொரியல் செய்தேன்.

அந்த வாரம் ஒரு நூலில் படித்ததையும் அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை, படித்ததைச் சொல்லிவிடுவது பத்திரிகைப் பழக்கம். பிரான்சிலும் ஆல்ப்ஸ் மலை ஊர்களிலும் சில மாதா கோயில்கள் இருந்தன. இறந்து பிறந்த குழந்தைகளைப் பெற்றவர்கள் பல நாள் நடந்து அங்கே தூக்கி வருவார்கள். பீடத்தின் முன் கிடத்தி, கரி அடுப்பு மூட்டி, சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். குழந்தையின் உதட்டில் ஒரு இறகை வைப்பார்கள். இறகு அசைந்தால், கன்னம் சிவந்தால், உயிர் திரும்பிவிட்டது என்று உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். அதன் பிறகு குழந்தை மீண்டும் இறந்துவிடும். பெயரோடு புதைப்பார்கள். மேலிடத்துக் குருமார்கள் தடுத்துப் பார்த்தார்கள்; முடியவில்லை.

அவள் கவனமாகக் கேட்டாள். "சூடு பட்டா உடம்புக்குள்ள இருக்க காத்து வெளிய வரும் அக்கா. அதுல அசைஞ்சிருக்கும். கன்னம் சிவக்கதும் சூட்டுலதான்" என்றாள். பிறகு, "அந்தப் பொம்பளையளுக்கும் தெரிஞ்சுதான் இருக்கும்" என்றாள்.

ஆறாம் மாதத்தில், ஒரு வேலைநாள் பகலில், சுவரைத் தட்டினாள். நான் போனபோது குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். தரையில் ரத்தம் நிறைய இருந்தது. ஆம்புலன்ஸுக்கு அவளே முகவரி சொன்னாள். தன் ரத்த வகையையும் வாரக் கணக்கையும் சொன்னாள். அவள் கணவருக்கு நான் செய்தி அனுப்பினேன். ரிக்கில் போன் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு பெயரைச் சொன்னாள். ஆண் குழந்தை என்று முன்பே தெரியும். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை.

"சொல்லுங்க பாப்போம்" என்றாள். நான் சொற்களைச் சொன்னேன். சரியாகச் சொன்னேன் என்று தலையசைத்தாள். கதவு மூடியது.

கொஞ்ச நேரத்தில் ஒரு மலையாளி நர்ஸ் வெளியே வந்து, "சிஸ்டரா? கூடப் பிறந்தவங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே அழைத்துப் போய்க் கைகழுவச் சொல்லி, ஒரு கவுனை மாட்டிவிட்டார். நடந்துகொண்டே சொன்னார்: "அம்மைக்கு இப்பவும் பிளீடிங். குழந்தைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது. அம்மை தியேட்டர்ல மயக்கம் கொடுக்கும் முன்ன என்கிட்ட சொன்னாங்க, உங்களை உள்ள விடணும்னு. என்னால செய்ய முடியாது, டியூட்டியில் இருக்கும்போது மதச் சடங்கு பாடில்ல, கூடாது. நீங்க வீட்டுக்காரங்க. வேகம்."

குழந்தை சூடேற்றும் விளக்கின் கீழ் இருந்தான். என் முழங்கைக்கும் விரலுக்கும் இடையே அடங்கிவிடும் நீளம். தோல் மெல்லியதாக, உள்ளே நரம்பு தெரியும்படி இருந்தது. மானிட்டரின் முகப்பு எனக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. குழந்தைகள் டாக்டர் கவுண்டரில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். நர்ஸ் ஒரு சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, குழந்தையின் கம்பளித் தொப்பியை மேலே தள்ளினார். பிறகு குழந்தைக்கு அடியில் நனைந்திருந்த துணியை இழுத்தார். குழந்தையின் வலது கை மேலெழுந்து மெத்தையில் விழுந்தது.

நான் தண்ணீரைச் செலுத்தினேன். மூன்று முறை. ஊற்றும்போதே சொன்னேன். தண்ணீர் தோலில் ஓடியது. மார்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். விளக்கின் வெளிச்சத்தில் என்னால் சொல்ல முடியவில்லை.

டாக்டர் திரும்பி வந்து, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்து, ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்தார்.

அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றிய அன்று என்னைப் பார்க்க விட்டார்கள். கணவர் இன்னும் வந்துசேரவில்லை. ரிக்கிலிருந்து படகு, கரையிலிருந்து கார், சவுதியிலிருந்து வரும் பாலத்தில் எல்லைச் சோதனை. அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. டியூட்டி மாறும்போது ஒரு நர்ஸ் இன்னொருத்தியிடம் கேட்பதைப் போலக் கேட்டாள்.

"கலரு?"

"கருஞ்சிவப்பு. கால் கொஞ்சம் நீலம்."

"அழுதானா?"

"இல்ல."

"மானிட்டர்?"

"அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. நான் பாக்கல."

"டாக்டர் எங்க நின்னாரு?"

"கவுண்டர்ல. எழுதிக்கிட்டிருந்தார்."

குழந்தைக்குப் பக்கத்தில் நிற்காமல் டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார் என்றால் என்ன பொருள் என்பது என்னைவிட அவளுக்குத் தெரியும். தான் வேலை பார்த்த வார்டில் அதை எத்தனையோ முறை பார்த்தவள்.

"நெஞ்சு?"

"சொல்ல முடியல. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"கை கால் அசைஞ்சுதா?"

"நர்ஸ் அடியில இருந்த துணிய இழுத்தாங்க. அப்ப கை அசைஞ்சுது."

"எந்தக் கை?"

"வலது."

"ஊத்துறதுக்கு முன்னாலயா?"

"முன்னால. உடனே ஊத்திட்டேன்."

"கை அசைஞ்சுது" என்றாள். கேள்வியாக இல்லை.

மறுநாள் சாமியார் வந்தார். தமிழர், இங்கே தமிழ்ப் பூசை வைப்பவர். களைத்துப்போன, நல்ல மனிதர். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அடக்கத்துக்கு எந்தத் தடையும் இல்லை, ஞானஸ்நானம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் ஒன்றுதான், இப்போது யாரும் அப்படிப் பார்ப்பதில்லை என்றார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"எழுதணும் சாமி. எழுதி எங்க ஊருக்கு அனுப்பணும். நவம்பர்ல வாசிக்கணும்."

சாமியார் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான ஊத்தினீங்க? ஞானஸ்நானப் புத்தகத்துல எழுதணும்னா, உயிர் இருக்கும்போது ஊத்தினதா பாத்தவங்க ஒருத்தர் சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம். என்ன பாத்தீங்களோ சொல்லுங்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளிதழ்ப் பக்கத்தில் இடம் குறைந்தால் செய்தியைக் கடைசியிலிருந்து வெட்டுவோம். வெட்டிய பிறகு எஞ்சிய வாக்கியங்கள் எல்லாம் உண்மையாகவே இருக்கும். பல ஆண்டுகள் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். இந்த முறை முன்னாலிருந்து வெட்டினேன்.

"கை அசைந்தது, ஃபாதர்" என்றேன்.

"நீங்களே பாத்தீங்க?"

"நானே பார்த்தேன். வலது கை."

அவர் தலையசைத்து, பையிலிருந்து பேனாவை எடுத்து, பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள். எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

அன்று மாலைக்குள் அவள் கணவர் வந்து சேர்ந்தார். அடக்கம் மறுநாள். இங்கே கிறிஸ்தவர்களுக்கென்று இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளுக்குத் தனி வரிசை உண்டு. மண் வெளிறி, கல்லாக இறுகிக் கிடந்தது. குழி வெட்டிய வங்காளி ஆள் கடப்பாரையை ஓரமாகச் சாய்த்துவைத்திருந்தார். சாமியார் வெள்ளை அங்கி அணிந்திருந்தார். குழந்தையின் பெயரைச் சொல்லிச் செபித்தார். அந்தப் பெயரைப் பலர் நடுவில் சத்தமாகக் கேட்டது அப்போதுதான். அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே விடவில்லை. கணவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்; அந்தப் பக்கம் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். குழியை மூடும்வரை கை இறங்கவில்லை.

எல்லாம் முடிந்து என் கணவர் காரை எடுக்கப் போனார். அவர்களுடைய ஜெபக்கூட்டத்திலிருந்து வந்த இரண்டு பேர் சாமியாரோடு வாசல்வரை நடந்தார்கள். அவள் கணவர் மட்டும் என் பக்கத்தில் நின்றார். ரிக்கில் போட்டிருந்த பாதுகாப்பு ஷூவோடு வந்திருந்தார். கண்ணைச் சுற்றி வெல்டிங் கண்ணாடியின் தடம் இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"நேத்து பெட்டில பாத்தேன். முகம் ஒரு மாதிரி சுருங்கிப்போச்சு, ஒண்ணும் தெரியல. உயிரோட இருக்கையில அவனப் பாத்தது நம்ம ஆளுகள்ல நீங்க ஒருத்தர்தான். அவளும் பாக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "யாரு சாடையா இருந்தான்?"

நான் பார்த்தது மார்பை. முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. மூச்சுக்கு விட்ட குழாயைப் பிடித்து நிறுத்த மூக்கின் மேலும் உதட்டின் மேலும் அகலமாகப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதற்கு மேலே தெரிந்த இரண்டு கண்களும் மூடியிருந்தன.

"உங்க சாடைதான்" என்றேன். "மூக்கு அப்படியே உங்க மூக்கு."

அவர் கையை எடுத்துத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எங்க அப்பாக்கும் இதே மூக்குதான் அக்கா" என்றார். "அவகிட்ட சொல்லணும்." போனை எடுத்து, வெயிலுக்கு மறைவாகத் திரும்பி நின்று, அவளைக் கூப்பிட்டார்.